கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!

ஆடி பிறந்துவிட்டது என்றால் திண்டிவனம் வட்டாரத்துச் சிற்றூர்களிலே பம்பை முழங்கும், உடுக்கை ஒலிக்கும், ஒலிபெருக்கி ஊரையே உலுக்கும். ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என வகுத்தனர் நம் முன்னோர். ஏரி வறண்டு, குளம் வற்றி, காற்றும் புழுதியும் கண்ணை மறைக்கும் அந்த நாளிலே வேப்பிலை கட்டிய குடங்கள் வீடுதோறும் புறப்படும். குடத்திலே பாலில்லை, பன்னீரில்லை, பஞ்சாமிருதமுமில்லை. இருப்பது கூழ்! முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யை வேகவைத்து, மாவை அதில் ஊற்றித் துடுப்பால் கிளறி, இரவெல்லாம் பானையில் ஆறவிட்டு, காலையிலே மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்த கூழ்! சின்ன வெங்காயமும், முருங்கைக் கீரையும், கருவாட்டுக் குழம்பும் துணை நிற்க, ஏழையின் வயிற்றை நூற்றாண்டுகளாகக் காத்த கூழ்!

குடங்கள் கோயில் வாயிலை அடைகின்றன. அங்கே வாய் அகன்ற கொப்பரை ஒன்று காத்திருக்கிறது. காணி பல உடையவன் வீட்டுக் கூழும் அதிலே விழுகிறது. கால்காணி உடையவன் வீட்டுக் கூழும் அதிலே விழுகிறது. விழுந்தபின் எது எவர் வீட்டுக் கூழ் என்று பிரித்துக் காட்ட எந்தப் பண்டிதராலும் முடியாது! ஒன்றாய்க் கலந்த கூழை ஊரார் ஒன்றாய்க் குடிக்கின்றனர். காட்சி அழகியது, கருத்தும் அழகியது. நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அந்தக் கொப்பரையிலே சேரியிலிருந்து வரும் குடத்துக்கு இடம் உண்டா?

கேள்வி சிறியது. விடைதான் பல ஊர்களிலே தொண்டையில் சிக்குகிறது. ஊருக்கு ஒரு மாரி, காலனிக்கு ஒரு மாரி! ஊருக்கு ஒரு கொப்பரை, காலனிக்கு ஒரு கொப்பரை! தலைக்கட்டு வரி வசூலிக்க ஊர் வீடுகளின் கதவைத் தட்டுவோர், சேரியின் எல்லை கண்டதும் திரும்பிவிடுவர். வரியை மன்னித்துவிட்டார்கள், பெருந்தன்மையன்றோ என்று எண்ணிவிடாதீர்! வரி கொடுத்தவனுக்கு விழாவிலே பங்கு உண்டு, பேச்சுரிமை உண்டு, கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைத் தராதிருக்கவே பணம் வேண்டாம் என்கின்றனர். பணத்தையே மறுக்கும் அளவுக்கு வலிமை படைத்ததாக இவ்வுலகில் ஒன்று உண்டென்றால் அது சாதிதான்!

இதை எழுதத் தொடங்கியதும் நம் நினைவுக்கு வரும் ஊர் ஒன்று உண்டு. திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர். அந்த ஊரைக் குறை கூறுவதற்காக நாம் அதன் பெயரை எடுக்கவில்லை. அந்த மண் தந்த மனிதர் ஒருவரைச் சாட்சியாக அழைக்கவே எடுக்கிறோம்.

ஓமந்தூர் பெ. இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சு முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் ஆட்சித் தலைவராக இருந்தவர். அந்நாளில் அப்பதவிக்குப் பிரதமர் என்றே பெயர். அவர் நம் கூடாரத்தவர் அல்லர், காங்கிரசார், கதர் அணிந்தவர், கடவுள் பற்று மிக்கவர். அவரது ஆட்சிதான் 1948இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியது. அவ்வாண்டிலேயே கருஞ்சட்டைப் படைக்குத் தடையும் விதித்தது. அதை நாம் மறக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. ஆயினும் மாற்றாரின் நற்செயலை மறைப்பது மானமுள்ளோர் செயலன்று. ஆலயக் கதவுகளைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்ட சட்டம் 1947இல் அவரது ஆட்சியிலேதான் நிறைவேறியது. பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழித்த சட்டமும் அவ்வாண்டின் சட்டமே. வகுப்புவாரி ஆணையிலே, பதினான்கு இடங்களில் இரண்டைப் பிற்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே ஒதுக்கியதும் அவ்வாண்டில்தான். அதனாலன்றோ அவரைத் ‘தாடியில்லாத இராமசாமி’ என்று ஏசினர் மேல்சாதியினர்! ஏசினார்களா? இல்லை, தம்மையறியாமல் பாராட்டினார்கள் என்போம் நாம்!

பக்தர் ஒருவரே கொண்டுவந்த சட்டம் அது. நாத்திகர் செய்த சூழ்ச்சி என்று சொல்லித் தப்ப வழியில்லை. அச்சட்டம் பிறந்து முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. 1950இல் வந்த அரசியல் சட்டத்தின் பதினேழாம் பிரிவு தீண்டாமை ஒழிந்தது என்று அறிவித்தது. 1955இல் அதற்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டங்கள் வரிசையாய் வந்தன. தீண்டாமை வெளியேறியதா?

ஓமந்தூராரின் விழுப்புரம் மாவட்டமே விடை கூறட்டும். மேல்பாதி என்னும் சிற்றூரிலே திரௌபதி அம்மன் கோயில். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே சென்ற தாழ்த்தப்பட்ட இளைஞர்கள் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தை நடந்தது, பயனில்லை. அவ்வாண்டு ஜூன் மாதம் அதிகாரிகள் கோயிலுக்கே முத்திரை வைத்தனர். உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கின்பின், 2024 மார்ச்சில் அன்றாட பூசைக்கு மட்டும் கதவு திறந்தது. தாழ்த்தப்பட்டோர் உள்ளே அடியெடுத்து வைத்ததோ 2025 ஏப்ரலில். அதுவும் காவல்துறை புடைசூழ! அம்மனை ஒரு நொடி காண்பதற்கு ஆண்டுகள் இரண்டு, நீதிமன்றம் ஒன்று, காவலர் படை ஒன்று! உடன் பிறந்தவனோடு நின்று கும்பிடுவதைவிடக் கோயில் பூட்டிக் கிடப்பதே மேல் என்று எண்ணினார்களே, அவர்களுக்குப் பற்று அம்மன் மீதா, சாதி மீதா? பூட்டு சொல்லிவிட்டது விடையை!

இன்னும் பின்னோக்கிப் பார்ப்போம். 1978 ஜூலை இறுதி. விழுப்புரம் நகரிலே நடந்த சாதி வெறியாட்டத்தில் தாழ்த்தப்பட்டோர் பன்னிருவர் கொல்லப்பட்டனர். அதுவும் ஆடி மாதம்தான். அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும் அந்த மாதத்திலேதான் நகரத்து வீதியிலே குருதி வார்த்தனர்!

பழைய கதைக்கு வருவோம். மாரியம்மனுக்குப் பிறப்புக் கூறும் கதை ஒன்று நம் சிற்றூர்களிலே கூத்தாகவும் பாட்டாகவும் வழங்குகிறது. சமதக்கினி முனிவரின் மனைவி இரேணுகை. அவள் கற்பின்மீது ஐயம் கொண்ட கணவன், அவளை வெட்டும்படி மகன் பரசுராமனை ஏவுகிறான். ஓடிய தாய் சேரிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொள்கிறாள். மகனின் கோடரி இருவர் தலையையும் துணிக்கிறது. பின்னர் உயிர்ப்பிக்கும் வரம் பெற்ற மகன், அவசரத்திலே தலையை மாற்றி ஒட்டிவிடுகிறான். முனிவர் குலத்தலையும் சேரிப் பெண்ணின் உடலும் சேர்ந்த உருவமே மாரி என்கிறது கதை. கதையை நாம் நம்பவில்லை. பெற்ற தாயை வெட்டுபவனைக் கடவுளின் அவதாரம் என்னும் புராணத்தை நம்ப நம் அறிவு இடந்தராது. ஆனால் நம்புகிறோம் என்போரைக் கேட்கிறோம்: நீங்கள் மஞ்சள் பூசி, சேலை சாத்தி, மாலை சூட்டும் அந்த உடல் எவள் உடல்? உங்கள் கதைப்படியே அது சேரிப் பெண்ணின் உடலன்றோ? கருவறையிலே நிற்கும் சேரிப் பெண்ணுக்குக் கற்பூரம். கதவுக்கு வெளியே நிற்கும் சேரிப் பெண்ணுக்குக் கல்லடியா?

கூழின் கதையோ புராணத்தைவிடப் பழையது, உண்மையானதுங்கூட. ஆடியில் விதைப்புத் தொடங்கும். முந்தைய அறுவடையின் தானியம் அடிப்பானைக்கு வந்துவிடும். குதிர் காலியாகும் காலத்திலே, இருப்பவனும் இல்லாதவனும் கையிலுள்ள மாவைக் கூட்டிக் காய்ச்சிப் பகிர்ந்து உண்பது உழவர் கூட்டத்தின் நல்லறிவு. அந்த நல்லறிவுதான் விழாவாயிற்று என்று நாம் கருதுகிறோம். அம்மை நோய்க்கு அஞ்சியும் மக்கள் மாரியை வணங்கினர். அந்த அச்சத்தையும் அறிவியல் தீர்த்துவிட்டது. 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகத்திலேயே இல்லை என உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. ஊசி குத்தி அம்மையை ஓட்டினான் மனிதன். அம்மை கண்டவனைவிட அதிகமாய் ஒதுக்கிவைக்கப்பட்டவன் சேரித் தமிழன். அம்மை போயிற்று, ஒதுக்கம் போகவில்லையே!

அந்தக் கூழ் யார் உணவு? பொழுது புலரும் முன் ஏர் பூட்டி, பொழுது சாய்ந்தபின் கலப்பையை இறக்கிய பண்ணையாளின் உணவு. வரப்போரத்திலே அவன் குந்தியிருக்க, தீட்டு ஒட்டிவிடக் கூடாதென்று எட்டி நின்று ஊற்றினர். அவன் ஏந்தியது வெண்கலக் கிண்ணமன்று. பனையோலைப் பட்டை, இல்லையேல் கொட்டாங்கச்சி, அதுவும் இல்லையேல் குவித்த கைகள்! கேழ்வரகை விதைத்தவன் அவன். களை பறித்தவள் அவன் மனைவி. கதிர் அறுத்துக் களத்தில் அடித்தவன் அவன். திரிகையிலே திரித்தவள் அவன் தாய். கூழ் முழுவதும் அவர்களுடையது. ஊற்றும் கை மட்டும் மற்றொருவனுடையது!

இதனாலன்றோ நெல்லுச்சோறு உண்பது உயர்வென்றும், கூழ் குடிப்பது தாழ்வென்றும் ஓர் எண்ணம் ஊறிற்று! ஏழை அரிசிக்கு ஏங்கியது நாவின் ஆசையால் மட்டுமன்று, மானத்தின் ஆசையால். 1967இல் அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றதும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கினாரே, அதன் பொருள் என்ன? பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் அரிசியைக் கண்ட குடிசை, நாள்தோறும் அரிசியைக் காணவேண்டும் என்பதே. ஆகவே, ‘பழைய கூழுக்கே திரும்புக’ என்று ஏழைக்கு உபதேசம் செய்ய நாம் வரவில்லை. வறுமையால் குடிப்பது வேறு. விரும்பிக் குடிப்பது வேறு.

ஆனால் காலத்தின் கோலத்தைப் பாருங்கள்! நூறு கிராம் கேழ்வரகிலே சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 340 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ பத்தைத் தாண்டுவது அரிது. இதைப் படித்தவர்கள் கண்டுகொண்டனர். 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை கொண்டாடியது. அவ்வாண்டிலேயே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்கு மாற்றாக இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தைத் தமிழ்நாட்டரசு தொடங்கியது. நல்லது, வரவேற்கிறோம். மாளிகை விருந்திலே கேழ்வரகு அமர்ந்துவிட்டது. மருத்துவர் சீட்டிலே கூழ் ஏறிவிட்டது. கூழுக்கு இருந்த இழிவு நீங்கிவிட்டது! கூழ் குடித்தவனுக்கு இருந்த இழிவு? உணவுக்குச் சாதி போய்விட்டது, உழைத்தவனுக்குப் போகவில்லை!

நெடுஞ்சாலை ஓரத்துக் கூழ் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். கோடை வெயிலிலே வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறார் செல்வர்; பக்கத்திலே மூட்டை தூக்குபவர்; அவருக்கு அடுத்தாற்போல் கல்லூரி மாணவர். ஒரே பானை, ஒரே அகப்பை, கழுவிக் கழுவித் தரும் அதே சொம்பு! எவரும் எவர் சாதியையும் கேட்பதில்லை. காசுக்குக் கூழ் விற்கும் இடத்திலே சமத்துவம் இருக்கிறது. கருணைக்குக் கூழ் வார்க்கும் இடத்திலே இல்லை! தெருவோர வண்டிக்காரருக்கு உள்ள பண்பு தேவியின் சன்னிதியிலே இல்லையென்றால், வெட்கப்பட வேண்டியவர் யார்?

நம்மை மறுப்போர் மூன்று வாதங்களைக் கொண்டுவருவர்.

‘இது பரம்பரை வழக்கம், மாற்றலாகாது’ என்பது ஒன்று. விளக்கு ஏற்றிய இடத்தில் மின்விளக்கு வந்தது. மேளம் முழங்கிய இடத்தில் ஒலிபெருக்கி வந்தது. மாட்டுவண்டி நின்ற இடத்தில் டிராக்டர் நிற்கிறது. மண்பானை இருந்த இடத்தில் எவர்சில்வர் அண்டா இருக்கிறது. அத்தனையும் மாறியபோது கோபிக்காத அம்மன், சேரிக் குடம் வந்தால் மட்டும் கோபிப்பாளா?

‘அவர்களுக்கும் தனிக் கோயில் இருக்கிறதே, தனியே வார்க்கிறார்களே’ என்பது மற்றொன்று. சேரன்மாதேவி குருகுலத்திலே 1924, 1925 ஆண்டுகளில் சொல்லப்பட்ட அதே சமாதானம் இது! பார்ப்பன மாணவருக்குத் தனிப் பந்தி, மற்ற மாணவருக்குத் தனிப் பந்தி. இருவருக்கும் உணவு உண்டு, பின் என்ன குறை என்றனர். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை ஏற்றார்களா? பொங்கி எழுந்தார்கள். வயிற்றுக்குக் கிடைத்ததா என்பதன்று கேள்வி. பக்கத்தில் அமர உரிமை உண்டா என்பதே கேள்வி. அன்று பார்ப்பனப் பந்திக்கு எதிராக எழுந்து, ‘எங்களை ஏன் விலக்கினாய்?’ என்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று தமக்கும் கீழே ஒருவனை நிறுத்தி, அவனை விலக்குவதா? மேலே உள்ளவன் மிதித்தால் கொடுமை. தான் மிதித்தால் வழக்கமா? சுயமரியாதை என்பது ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு மேற்படியை மட்டும் உடைப்பதன்று. ஏணியையே சாய்ப்பது!

மூன்றாவது வாதம் நம்மை நோக்கியே வரும். ‘கடவுள் இல்லை என்போருக்குக் கோயிலிலே என்ன வேலை?’ பக்தியைப் பங்கிட்டுத் தரும்படி நாம் கேட்கவில்லை. கூழை ஊற்றினால் மழை பொழியும் என்று நாம் ஒருநாளும் சொல்லமாட்டோம். கோயில் ஊருக்குப் பொது. ஊர்ப் பணத்திலே எழுந்தது. ஊர்த் தெருவிலே நிற்கிறது. பொது இடத்திலே ஒரு மனிதனை மனிதனல்லன் என்று கூறும் உரிமை எவருக்கும் இல்லை. 1924இல் வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருவிலே நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். சாமி கும்பிடவா சென்றார்? மனிதனுக்காகச் சென்றார். நாமும் மனிதனுக்காகவே கேட்கிறோம்.

நம் சொல் கசந்தால், பக்தர்கள் தம் பக்தர்களின் சொல்லையேனும் கேட்கட்டும். ஆட்சிப் பதவியை விட்டிறங்கிய ஓமந்தூரார் எங்கே சென்றார்? வடலூருக்குச் சென்றார். வள்ளலார் வழியிலே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்துத் தொண்டாற்றி, 1970இல் மறைந்தார். வடலூரிலே 1867ஆம் ஆண்டு வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருபவன் பெயர் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. இலை போட்டு அமரச் சொல்கிறது அந்தச் சாலை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓரிடத்திலே நாள்தோறும் நடப்பதை, நம் ஊர்களிலே ஆண்டுக்கு ஒருநாள் நடத்த முடியாதா?

முடியும். வழியும் அரிதன்று. ஆகஸ்டு 15ஆம் நாளில் பெரிய திருக்கோயில்களிலே அரசு பொது விருந்து நடத்துகிறது. அண்ணாவின் நினைவு நாளிலும் நடத்துகிறது. ஆகஸ்டு 15 ஆடியின் இறுதியிலேதான் வருகிறது. பெருங்கோயிலில் நடக்கும் சமபந்தி சிற்றூர்க் கொப்பரைக்கும் வரட்டும். வரி தண்டுவோர் சேரியின் கடைசிக் குடிசை வரை சென்று, ஊராருக்கு என்ன வரியோ அதே வரியைப் பெற்று, அதே ஏட்டிலே பெயர் எழுதட்டும். விழாக் குழுவிலே அவர்களும் அமரட்டும். பறையடிக்க மட்டும் அவர்களை அழைத்து, பறை ஓய்ந்ததும் விலகி நில் என்று சொல்லும் வழக்கம் ஒழியட்டும். கிளறிக் கிளறிக் கை காய்த்த தாய்மார்கள், ஊர்த் தாயும் சேரித் தாயும், ஒன்றாய் நின்று வார்க்கட்டும். எங்கேனும் மறுத்தால், 1947இன் சட்டத்தையும் 1989இன் சட்டத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துத் தூசு தட்டட்டும் அதிகாரிகள். திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தவணை சொல்வது அமைதி காப்பதாகாது. அநீதிக்குக் காவல் நிற்பதாகும்!

இளைஞர்களே, உங்களையே நம்புகிறோம். கைப்பேசியிலே கூழ்க் குடத்தின் படத்தைப் பரப்பி, ‘எங்கள் மண்ணின் உணவு, எங்கள் முன்னோர் உணவு’ என்று மார்தட்டுகிறீர்கள். தட்டுங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் படத்திலே யார் இல்லை என்பதையும் ஒருமுறை பாருங்கள். மண்ணின் உணவைப் போற்றிவிட்டு, மண்ணை உழுதவனை எல்லைக்கு அப்பால் நிறுத்துவது பெருமையா?

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள் நம் பாட்டிமார். கூழின் பெருமையும் வேண்டும், சாதி மீசையின் முறுக்கும் குலையக் கூடாது என்றால் நடவாது. குனிந்து குடித்தால் மீசை நனையத்தான் செய்யும்! வரும் ஆடியிலே கொப்பரையின் முன் நிற்கும் ஒவ்வோர் ஊராரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும்.

சேரிக் குடத்தையும் கொப்பரையிலே ஊற்றுங்கள். ஊற்றிய பின் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், எது ஊர்க் கூழ், எது சேரிக் கூழ் என்று. எவனாலும் முடியாது. மனிதர்களையும் அப்படியே பிரிக்க முடியாத நாள் வரும். அந்த நாளைக் கொண்டுவரும் ஊரே எங்கள் ஊர். அந்தக் கூழே எங்கள் விருந்து!